தூங்காத சேம்பு

போன வாரம் உங்களில் ஒரு பெண் செல்போனில் ஒரு படம் காட்டினாள். ஹோஸ்டாவாம். நிழலில் வளருமாம், பூவுக்காக இல்லாமல் இலைக்காகவே வளர்ப்பார்களாம், தூரைப் பிரித்துப் பிரித்து நட்டால் வீடு முழுக்க நிறைந்துவிடுமாம். நம் நர்சரிக்கு வரவழைக்கலாமா என்று கேட்டாள். தாராளமாக வரவழைக்கலாம். வந்தது உயிரோடு இருக்க வேண்டுமே. பனி உறையும் குளிரில் மண்ணுக்குள் படுத்துத் தூங்கி எழுந்தால்தான் அந்தச் செடிக்கு அடுத்த வருஷம் உண்டு. ராஜபாளையத்து மார்கழிக்கு நாம் காதில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்கிறோம், அதோடு நம் குளிர் முடிந்தது. அதற்குத் தூக்கம் வராது. தூக்கம் வராத செடி செத்துப்போகும்.

இதைச் சொன்னபோது உங்களில் இரண்டு பேர் சிரித்தீர்கள். தூங்காத செடி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருவதில்லை. நீங்கள் படித்துவிட்டு வந்தவர்கள். எனக்குத் தெரியாத பூச்சிக்கெல்லாம் உங்களுக்குப் பெயர் தெரியும். இந்தக் கதையை மட்டும் என்னிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் காலத்தில் நிழலுக்கு நாங்கள் கொடுத்தது கலேடியம். வீட்டுப் பெண்கள் கலர் சேம்பு என்பார்கள். மழைக்கு எழும்பும், சிவப்பும் வெள்ளையுமாக இலை விரிக்கும், தை பிறந்து மண் காய்ந்ததும் இலையை உதறிவிட்டுக் கிழங்காகப் படுத்துவிடும். இதில் வகை கண்டுபிடிக்க இலையை நம்பாதீர்கள். ஒரே செடி நல்ல நிழலில் ஒரு நிறம் காட்டும், கொஞ்சம் வெயில் பட்டால் இன்னொரு நிறம் காட்டும். தாய்க்கிழங்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மட்டும் வாயைத் திறங்கள். இன்னொன்று, பிரித்து நடுகிறோமே, அது தாய்க்குப் பிறந்த பிள்ளை இல்லை. அதே செடிதான். முளைக்கும் கண் உள்ள துண்டு ஒவ்வொன்றும் அந்தத் தாயேதான், இடம் மட்டும்தான் வேறு. அதனால் ஒரு தாயிலிருந்து வந்த துண்டுகளில் ஒன்று மட்டும் வேறு மாதிரி நடந்துகொண்டால் செடியைக் கேட்காதீர்கள். மண்ணைக் கேளுங்கள். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கோமதியக்கா வீட்டில் கற்றுக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் அய்யனார் கோவில் ரோட்டில் ஒரு நர்சரியில் வேலை பார்த்தேன். பதியன் போடுவது, கிழங்கு பிரிப்பது, வசதியான வீடுகளுக்குப் போய்த் தோட்டம் வைத்துக் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துப் பக்கம் கோமதியக்கா வீடு. வீட்டுக்காரர் பேண்டேஜ் துணித் தறிகள் வைத்திருந்தார். ஒரே மகள் செல்வி, மதுரையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவர்கள் பழைய வீடு ஒன்றை வாங்கி இடித்துக் கட்டிக் குடிவந்திருந்தார்கள். பின்னால் பெரிய மாமரம், அதன் அடியில் புல்கூட முளைக்காத நிழல். அங்கே நான் ஒரே தாய்க்கிழங்கைப் பெருக்கிப் பிரித்த சேம்பைச் சுவர் முதல் சுவர் வரை நட்டேன். முதல் மழைக்கு எழும்பி நின்றபோது அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த மாசியில் ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். பாத்தி முழுவதும் இலை உதிர்ந்து மண் வெறுமையாகக் கிடந்தது. நடுவில் மட்டும் வட்டமாக ஓர் இடம் பச்சையாக நின்றது. கயிறு பிடித்து வரைந்த மாதிரி வட்டம். உள்ளே இருந்த செடிகளுக்கு ஐப்பசி, கார்த்திகையில்கூட நான் பார்க்காத பெரிய இலை.

"எல்லாம் படுத்துக் கெடக்கு, இது மட்டும் முழிச்சுக்கிட்டு நிக்குது பாத்தியா பேச்சி" என்றார் அக்கா. அவர் குரலில் சந்தோஷமும் இருந்தது, பயமும் இருந்தது.

அடியில் எங்கோ தண்ணீர் கசிகிறது, குழாய்க்காரரைக் கூப்பிட்டுப் பாருங்கள் என்றேன். அந்தப் பக்கம் குழாயே போகவில்லை என்று அவர் வந்து பார்த்துச் சொல்லிவிட்டாராம். அடுத்த முறை நான் போனபோது வட்டத்தின் விளிம்பில் மஞ்சள் பூசிய செங்கல்லும் அதற்கு முன்னால் ஒரு குத்துவிளக்கும் இருந்தன. அம்மன் வந்து குடியேறியிருக்கிறாள் என்று தெருப் பெண்கள் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். சேம்பெல்லாம் சாமியாகிவிட்டால் எங்கள் பிழைப்பு என்ன ஆவது என்று நான் கேலி செய்தேன். அக்கா சிரிக்கவில்லை. சாயங்காலமானால் அந்த இலைகள் காற்றில்லாமல் ஆடுகின்றன, நீயே ஒருநாள் இருந்து பார் என்றார். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கிளம்பிவிட்டேன்.

செல்விக்கு ஏற்கெனவே ஒரு கர்ப்பம் தங்காமல் போயிருந்தது. மறுபடி உண்டாகி, ஏழாம் மாதம் தாண்டி, அடுத்த வருஷம் பங்குனியில் வளைகாப்பு வைத்தார்கள். அதை வீட்டுக்குள் வைக்கவில்லை. வட்டத்துக்கு நடுவில் செல்வியை உட்காரவைத்து, சுற்றிப் பச்சை இலை நிற்க, அம்மன் முன்னாலேயே வளையல் போட வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தார். நடுவில் நாற்காலியும் ஜமுக்காளமும் போட இடம் வேண்டும். நடுவில் உள்ள செடிகளை மட்டும் பெயர்த்து எடுத்துவிடச் சொல்லி அன்று காலையில் என்னை வரச் சொன்னார்கள்.

பெயர்த்தேன். வேர்கள் வெள்ளை வெளேரென்று, நீளம் நீளமாக, தண்ணீரில் வளர்ந்த மாதிரி இருந்தன. நுனியில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. தேய்த்துப் பார்த்தேன். இரும்புத் துரு. ஏதாவது பழைய வாளி புதைந்து கிடக்கும் என்று நினைத்தேன். களைக்கொத்து ஓர் இடத்தில் பட்டபோது சத்தம் வேறு மாதிரி கேட்டது. அதையும் அந்த வாளிக் கணக்கிலேயே சேர்த்தேன். பெயர்த்த கிழங்குகளை என் கூடையில் போட்டு, மண்ணை நிரவி, கால்களால் மிதித்துச் சமப்படுத்தியும் கொடுத்தேன். பிள்ளைகளே, அந்த மிதியை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கால் கூசுகிறது.

சாயங்காலம் விசேஷம் தொடங்கியது. மேற்கே மலையில் மேகம் இறங்கிக் கறுத்திருந்தது. கீழே ஒரு பொட்டுக் காற்றில்லை, புழுக்கம் ஆளைப் பிழிந்தது. செல்வி பட்டுச் சேலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம், இரண்டு கைகளிலும் வளையல். அவளைச் சுற்றி ஜமுக்காளத்தில் நெருக்கியடித்துப் பெண்கள். செல்வியின் காலடியில் அக்கா, அவரை அடுத்து நான். யாரோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது இலைகள் ஆடத் தொடங்கின.

நான் முதலில் மாமரத்தைப் பார்த்தேன். ஒரு இலைகூட அசையவில்லை. வட்டத்துக்கு வெளியே சுவரோரம் இருந்த குரோட்டன்ஸும் அசையவில்லை. வட்டத்துக்குள் நின்ற சேம்பு மட்டும் மெதுவாகத் தலையை ஆட்டியது. நின்றது. மறுபடி ஆட்டியது. விளக்குச் சுடர் வாசல் பக்கமும் சாயவில்லை, சுவர் பக்கமும் சாயவில்லை. அடியிலிருந்து யாரோ ஊதுவதுபோல மேலே எழும்பி எழும்பித் தணிந்தது. பெண்கள் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஜமுக்காளத்தின் ஓரத்தை விலக்கி, காலையில் நான் தோண்டிய இடத்தில் கையை வைத்தேன். மண்ணுக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது. வெகுநாள் கழுவாத தண்ணீர்ப் பானையின் வாடை. வந்தது, நின்றது, திரும்ப உள்ளே இழுத்தது. என் விரலிடுக்கில் இருந்த மண் துகள் உள்ளே போவதைப் பார்த்தேன். வெள்ளை வேர், துரு, சத்தம், வட்டம் எல்லாம் அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்தன. நாங்கள் உட்கார்ந்திருந்தது மூடிய கிணற்றின் மேல். மண் போட்டு நிரப்பாமல், மேலே எதையோ பரப்பி, தகரம் போட்டு, மண்ணைக் கொட்டி மறைத்த கிணறு. ஒரு வருஷத்துக்கு மேலாக அதன்மேல் குடம் குடமாகத் தண்ணீர் வேறு ஊற்றியிருக்கிறார்கள்.

பயமென்றால் அப்படி ஒரு பயம். கத்த வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. கத்தினால் அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் துள்ளி எழுவார்கள். அந்தத் துள்ளலை அடியில் இருப்பது தாங்காது. செல்வி நடுவில் இருந்தாள். அவள்தான் முதலில் வெளியே போக வேண்டும், அவள் ஓடவும் கூடாது, பயப்படவும் கூடாது. அவசரத்தில் கை முதலில் எதைச் செய்யத் துடிக்கிறதோ அதைச் செய்யாமல் ஒரு மூச்சு நிறுத்திப் பாருங்கள் என்று உங்களுக்கு நான் அடிக்கடி சொல்வது இதனால்தான்.

என் கையில் இருந்தது கிழங்குக் கூடை மட்டும். அதிலிருந்து பெரிய கிழங்கு ஒன்றை எடுத்தேன்.

"தாயி செல்வி, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. எங்க சோழபுரத்துல வளகாப்புக்காரி கையால ஒரு கிழங்கு நட்டாத்தான் விசேஷம் முடியும். அந்தா, அந்தச் சுவரு மூலையில. மெதுவா எந்திரிச்சு வா" என்றேன். அந்தப் பொய் எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கூட்டத்தில் ஓர் அம்மாள் மூக்குத்தி மின்னத் திரும்பினார். "நானும் சோழபுரத்துக்காரிதான். இப்படி ஒரு வழக்கத்தை நான் கேட்டதே இல்லையே."

"நீங்க வாக்கப்பட்டு வந்த பொறவு வந்த வழக்கம் மதினி."

எல்லாரும் சிரித்தார்கள். செல்வியும் சிரித்துக்கொண்டே எழுந்தாள். அவள் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் நான் அவள் காலைப் பார்க்கவில்லை, மண்ணைத்தான் பார்த்தேன். அவள் வட்டத்தைத் தாண்டிச் சுவர் மூலைக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே தரை கெட்டி, பாறைக்கு மேல் ஒரு முழ மண். கிழங்கை அவளிடம் கொடுத்து அனுப்பியிருந்தேன். கண் மேலே இருக்கும்படி வை என்று இருந்த இடத்திலிருந்தே சொன்னேன். பிறகு பெண்களிடம், ஒவ்வொருவராக எழுந்து போய் ஒரு கைப்பிடி மண் போட வேண்டும், ஒருவர் போட்ட பிறகுதான் அடுத்தவர் எழுந்திருக்க வேண்டும், கூட்டமாகப் போனால் பலன் இல்லை என்றேன். வழக்கத்தை உண்டாக்குகிறவளே சட்டமும் போட்டுக்கொள்ளலாம் அல்லவா. ஓரத்தில் இருந்தவர்கள் முதலில், உள்ளே இருந்தவர்கள் பிறகு என்று ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். சோழபுரத்து அம்மாளும் முணுமுணுத்துக்கொண்டே போனார். ஜமுக்காளம் காலியாகிக்கொண்டே வந்தது. இலைகள் ஆடுவதும் நிற்பதுமாக இருந்தன.

கடைசியில் அக்காவும் நானும் மட்டும் இருந்தோம். அக்கா எழுந்திருக்கவில்லை. அம்மனைத் தனியாக விட்டுவிட்டு வரமாட்டேன் என்றார். மறைத்துப் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று அவர் காதருகே குனிந்தேன்.

"அக்கா, இது அம்மன் இல்ல. அடியில கிணறு இருக்கு."

"எனக்குத் தெரியும்" என்றார்.

அவர் விளக்கையே பார்த்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார். "வீட்ட வாங்குனப்ப எங்க வீட்டுக்காரவ ஆளு விட்டு மண்ணு கொட்டித் தூத்துட்டாவ. கெணத்தத் தூர்க்கிறது பாவம்னு நான் சொன்னேன், கேக்கல. அந்த வருசந்தான் செல்விக்கு மொதப் புள்ள தங்கல. இது பச்சயா எந்திரிச்சு நின்னப்பவே எனக்குப் புரிஞ்சிட்டு. அதுக்கிட்டயே புள்ளைய உக்கார வச்சு மன்னிப்புக் கேட்டுக்கிடுவோம்னுதான் இங்க வச்சேன். நெறஞ்ச மண்ணுக்கு மேலதான உக்காந்திருக்கோம், அதுல என்ன?"

"தூத்த கெணறு மூச்சு விடாதுக்கா."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்து அந்த மண்ணில் வைத்தேன். அது உள்ளிழுத்துவிட்டு மெதுவாக வெளியே விட்டது. அக்கா தலையைத் திருப்பிச் சுவர் மூலையில் மகளைப் பார்த்தார். செல்வி கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"எந்திரிக்கட்டுமா பேச்சி?" சின்னப் பிள்ளை கேட்பதுபோலக் கேட்டார்.

எழுந்து நிற்காதீர்கள், கையை ஊன்றி, முழங்காலிலேயே நகர்ந்து போங்கள் என்றேன். பட்டுச் சேலை மண்ணில் இழுபட அவர் நகர்ந்தார். மூலையில் நின்ற பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, மகளுக்காக நேர்ந்துகொண்ட வேண்டுதல் என்று நினைத்துக் குலவை போட்டார்கள். அந்தக் குலவைச் சத்தத்துக்கு நடுவில், என் உள்ளங்கைக்குக் கீழே ஏதோ ஒன்று முறிந்ததை நான் உணர்ந்தேன். காதில் கேட்கவில்லை, கையில்தான் தெரிந்தது. அக்கா விளிம்பைத் தாண்டியதும் நான் பின்னாலேயே ஊர்ந்து போனேன்.

மழை வரப்போகிறது என்று சொல்லி எல்லாரையும் சாப்பிட உள்ளே அனுப்பினோம். செல்விக்கு ஒன்றும் சொல்லவில்லை. அக்காவின் வீட்டுக்காரரைப் பின்பக்கம் கூப்பிட்டுச் சொன்னோம். அவர் நம்பவில்லை. வண்டி வண்டியாக மண் கொட்டி நிரப்பியதாகக் கொத்தனார் சொன்னார், நான் தறி வேலையில் இருந்தேன், நேரில் நிற்கவில்லை என்றார். வட்டத்தில் எரிந்துகொண்டிருந்த விளக்கையாவது எடுத்துவருகிறேன் என்று காலெடுத்து வைக்கப் போனார். அக்கா அவருடைய வேட்டியைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். கல்யாணமான நாளிலிருந்து அவரைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டிருக்க மாட்டார் அந்த அக்கா.

மழையின் முதல் துளிகள் விழுந்தன. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். சத்தம் எதுவும் இல்லை. வட்டம் அப்படியே கீழே இறங்கியது. இலைகள் நின்ற வாக்கிலேயே, நாற்காலி வைத்த வாக்கிலேயே, விளக்கு எரிந்தபடியே, எல்லாம் ஒன்றாக மண்ணுக்குள் போயின. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தண்ணீரில் விழுந்த சத்தம் வந்தது. அவ்வளவு ஆழம். அக்காவின் வீட்டுக்காரர் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே பந்தியில் பாயசம் கேட்டு யாரோ சத்தம் போட்டார்கள்.

பிறகு அந்தக் கிணற்றை அவர்கள் தூர்க்கவில்லை. கைப்பிடிச் சுவர் எழுப்பி, மேலே இரும்புக் கம்பி வலை போட்டார்கள். செல்விக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை. பிறந்து பெயர் வைத்த பிறகுதான் அவளிடம் விஷயத்தைச் சொன்னார்கள். ஈரக்காற்று அடியிலிருந்து ஏறியதால் செடி தூங்கவில்லை, மழைக்கு முன்னால் கிணறு காற்றைத் தள்ளும், அதில் இலை ஆடும். இதற்கெல்லாம் உங்கள் புத்தகத்தில் விளக்கம் இருக்கும். எனக்கும் அது போதும் என்றுதான் இருந்தேன்.

மறு மாசியில் குழந்தையைப் பார்க்கப் போனேன். தோட்டத்துப் பக்கமும் போனேன். சேம்பெல்லாம் படுத்துவிட்டிருந்தது. சுவர் மூலையில் செல்வி நட்ட கிழங்கு மட்டும் பெரிய இலையோடு நின்றது. அங்கே தண்ணீர் ஊற்றுவார் யாரும் இல்லை. கடப்பாறை வாங்கிச் சுற்றிலும் குத்திப் பார்த்தேன். ஒரு முழத்துக்குக் கீழே எல்லாப் பக்கமும் பாறை. காற்றுப் போக ஓட்டை இல்லை. சாயங்காலம்வரை இருந்து பார்த்தேன். பஸ் போனால் போகட்டும் என்று இருந்தேன். மாமரம் அசையாமல் நின்றபோது அந்த இலைகள் மெதுவாகத் தலையை ஆட்டின.

அக்கா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்குப் பயமே இல்லை. "இதப் பிரிச்சு ஒரு துண்டு குடு பேச்சி, செல்வி மதுரைக்குக் கொண்டு போகட்டும்" என்றார்.

கிழங்கு பிரிப்பதுதான் என் தொழில். கத்தி கூடையில்தான் இருந்தது. பிரித்தால் அது வேறு செடி ஆகாது, அதேதான் இரண்டு இடத்தில் இருக்கும் என்று உங்களுக்குச் சொன்னேனே, அது அப்போது என் ஞாபகத்துக்கு வந்தது. கத்தி மழுங்கிவிட்டது, அடுத்த முறை பார்க்கலாம் அக்கா என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அதற்குப் பிறகு எத்தனையோ முறை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கத்தியை நர்சரியிலேயே வைத்துவிட்டுத்தான் போனேன்.